ஏறுறதுக்கு ஒரு இன்ஜின், இறங்குறதுக்கு ஒரு பிரேக்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறுற ரோட்டுல 25, 30 வயசான ஒரு பிக்கப் எதிர்ல வருதுன்னு வச்சுக்குங்க. அது என்ன வண்டின்னு யாராவது கேட்டா சட்டுனு பதில் சொல்லிட முடியாது. முகப்பு ஒரு கம்பெனி. பானெட்டைத் தூக்கினா உள்ளே உட்கார்ந்திருக்கிறது வேற கம்பெனி. கியர் பாக்ஸ் மூணாவது ஒருத்தரோடது. பின்னாடி இருக்கிற தொட்டி ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையில பிறந்தது. ஆர்.சி. புத்தகத்துல மட்டும் ஒரே ஒரு பேர் இருக்கும், பாவம்.

புது வண்டி ஆசாமிகள் இதைப் பார்த்தா மூக்கைச் சுளிப்பாங்க. எனக்கு இந்த மாதிரி வண்டிங்கதான் பிடிக்கும். ஏன்னா ஒவ்வொண்ணும் ஒரு சரித்திரப் புத்தகம். நம்ம ஊர்ல வண்டியைப் பிரிச்சு மாத்தறதுங்கிறது நேத்து வந்த ஃபேஷன் இல்லை. 80 வருஷத்துக் கதை. அதைத்தான் இன்னிக்கு எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், டீயைக் கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல மலையைப் பத்தி ரெண்டு வார்த்தை. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. இந்தப் பக்கம் வெள்ளிமலை, கரியாலூர். அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. மேலே வாழறவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரங்க இல்லை, மலையில வாழறதால அந்தப் பேர்). சாமை, மரவள்ளி, புளி, கடுக்காய், தேன் இதெல்லாம் கீழே இறங்கும். உப்பு, துணி, சிமெண்ட் எல்லாம் மேலே ஏறும். ரொம்ப காலமா இந்த மலை ஜடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு, 1976-லதான் அரசு ஜாகீரை எடுத்துக்கிட்டது. சர்க்கார் இலாகாக்கள் மலைமேல காலூன்ற ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான். கள்ளக்குறிச்சி அப்போ தென்னாற்காடு ஜில்லா. 1993-ல விழுப்புரம் மாவட்டமாச்சு, 2019 நவம்பர்ல தானே ஒரு மாவட்டமாச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, மலைமேல சக்கரம் பரவலா ஏறின காலத்துல கீழே நாட்டுல இருந்த மெக்கானிக்குகள் ஏற்கனவே ரெண்டு தலைமுறைப் பாடம் படிச்சு முடிச்சிருந்தாங்க. அந்தப் பாடத்துல முதல் அத்தியாயம் அடுப்புக் கரி.

ஆமாங்க, கரிதான். இரண்டாம் உலகப் போர்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் பர்மா எண்ணெயும் போச்சு. பஸ் முதலாளிகள் என்ன பண்ணுவாங்க? பஸ்ஸோட முதுகுல ஒரு அடுப்பைக் கட்டினாங்க. உயரமான இரும்பு உருளை, உள்ளே மரக்கரி. கரியை நிறையக் காத்து விட்டு எரிச்சா வெறும் கரியமில வாயு வரும், அது எதுக்கும் உதவாது. காத்தைக் கம்மியா விட்டா கார்பன் மோனாக்ஸைடு வரும். அது எரியும். அதைக் குளிர வச்சு, தூசியை வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலா இன்ஜினுக்குள்ள விட்டா வண்டி ஓடும். மதுரையில டி.வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனி 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'டுன்னு பேர் போட்டே இதைத் தயாரிச்சு வித்தது.

ஓடும்னுதான் சொன்னேன், பறக்கும்னு சொல்லலை. அந்தக் கேஸ்ல பாதிக்கு மேல நைட்ரஜன், சும்மா உட்கார்ந்து வர்ற பயணி மாதிரி. அதனால இன்ஜினோட பலம் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சு போகும். மேடு வந்தா ஜனங்க இறங்கி நடக்கணும், சில சமயம் தள்ளணும். இப்படி பஸ் தள்ளின கதை சொல்லாத தாத்தா தமிழ்நாட்டுல உண்டா? காலையில அடுப்பு பத்த வச்சு, துருத்தி ஊதி, கேஸ் கிளம்புற வரைக்கும் காத்திருக்கணும். ராத்திரி சாம்பலை வழிக்கணும். மூடின ஷெட்டுக்குள்ள வேலை பார்த்தா விஷக் காத்துல மயங்கி விழுற அபாயம் வேற.

ஆனா பட்டறைக்காரங்களுக்கு அது ஒரு பல்கலைக்கழகம். கரி கேஸ் மெதுவா எரியும், அதனால தீப்பொறியை முன்கூட்டியே விழ வைக்கணும். 'டைமிங்'னா என்ன, 'கம்ப்ரஷன்'னா என்னன்னு கையால தொட்டுக் கத்துக்கிட்டாங்க. முக்கியமா ஒரு தைரியம் வந்தது: கம்பெனிக்காரன் கொடுத்த இன்ஜினை நாம தொட்டு மாத்தலாம், மாத்தினாலும் ஓடும்!

போர் முடிஞ்சது. ராணுவத்துல மிச்சமான ஜீப், டிரக்கெல்லாம் ஏலத்துக்கு வந்தது. அப்போ அதுக்கு 'டிஸ்போசல் வண்டி'ன்னே பேர். 1945-ல மஹிந்திரா அண்ட் முகமதுன்னு தொடங்கின கம்பெனி (கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் நிதியமைச்சர் ஆனதால 1948-ல மஹிந்திரா அண்ட் மஹிந்திராவா மாறிச்சு) 1947-ல 75 ஜீப்புகளைப் பாகம் பாகமா இறக்குமதி பண்ணி பம்பாயில பூட்ட ஆரம்பிச்சது. இன்னொரு பக்கம் 1953-ல மத்திய அரசு, உள்நாட்டுல உற்பத்தித் திட்டம் இல்லாத கம்பெனிகள் கடையைக் கட்டலாம்னு சொல்லிடுச்சு. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ரெண்டும் மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

அவங்க போயிட்டாங்க, அவங்க வித்த லாரிங்க போகலையே? நாடு பூரா ஃபோர்டு, செவர்லே லாரிகள் தாயில்லாப் பிள்ளைகளா நின்னுது. பெட்ரோல் குடிக்கிற இன்ஜின், ஸ்பேர் கிடையாது. இந்த இடத்துலதான் மெட்ராஸ் செம்பியத்துல சிம்சன் கம்பெனி வந்தது. இங்கிலாந்துல பெர்க்கின்ஸ்னு ஒரு டீசல் இன்ஜின் கம்பெனி. அவங்களோட பி6 இன்ஜின், பெட்ரோல் லாரியில இருக்கிற இன்ஜினை எடுத்துட்டு அந்த இடத்துல உட்கார வைக்கிறதுக்கு உலகம் பூரா பேர் போனது. அதை சிம்சன் 1950-கள்ல இங்கேயே செய்ய ஆரம்பிச்சது. ஆக, 'இன்ஜின் மாத்தறது'ங்கிற தொழிலை நம்ம ஊருக்குக் கொண்டு வந்தது தெருவோரப் பட்டறை இல்லை. கரி கேஸ்லயும் சரி, டீசல்லயும் சரி, பெரிய பெரிய கம்பெனிகள்தான் வழி காட்டினது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, ஜீப்புக்கு வருவோம். மலைக்கு ஏறின முதல் பிக்கப் எல்லாம் ஒரு வகையில ஜீப்போட பிள்ளைகள்தான். நம்ம ஊர்ல அதிகம் புழங்கின சி.ஜே. 3பி மாடலை நல்லாப் பாருங்க. முகத்தை விட நெத்தி உயரமா இருக்கும். ஏன் தெரியுமா? பழைய ஜீப் இன்ஜினைவிட புது 'ஹரிக்கேன்' இன்ஜின் உயரம் ஜாஸ்தி. உள்ளே போற வால்வை சிலிண்டருக்குப் பக்கத்துலேர்ந்து எடுத்து தலைக்கு மேல வச்சுட்டாங்க. பழைய பானெட்டுக்குள்ள அடங்கலை. என்ன பண்ணினாங்க? புது வண்டி வரைஞ்சாங்களா? பானெட்டை மட்டும் ஒட்டு போட்டு உயர்த்தினாங்க, அவ்வளவுதான். அமெரிக்காவுல 1953-ல வில்லிஸ் கம்பெனி பண்ணின அந்த வேலைக்கும் நம்ம ஊர் டிங்கர் பண்ற வேலைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை :-)

அந்த ஹரிக்கேன் 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். சுமார் 72 குதிரை சக்தி. நல்ல இன்ஜின்தான், ஆனா மலையில ஏத்தினா பெட்ரோலைத் தண்ணியா குடிக்கும். 1973-ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதுல உலகச் சந்தையில கச்சா எண்ணெய் விலை நாலு மடங்காச்சு. பெட்ரோல் ஜீப் வச்சிருந்தவங்க எல்லாரும் டீசலைத் தேட ஆரம்பிச்சாங்க.

மஹிந்திரா என்ன பண்ணினதுன்னா, பக்கத்து ஷெட்டுல இருந்த டிராக்டரைப் பார்த்தது. 1963-லயே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட்டணியில டிராக்டர் கம்பெனி தொடங்கியிருந்தாங்க. அந்த பி-275 டிராக்டர் வழி வந்த 2.35 லிட்டர் டீசலைத் தூக்கி ஜீப்புக்குள்ள வச்சாங்க. ஆமா, ஜீப்புக்குள்ள ஒரு டிராக்டர்! சத்தமும் நடுக்கமும் அப்படியே டிராக்டர்தான். ஓட்டுறவர் பல்லெல்லாம் ஆடும்னு கிண்டல் பண்ணுவாங்க.

இங்கே ஒரு கணக்கு. பழைய ஜீப்போட பின் அச்சுல கிரவுன்-பினியன் விகிதம் 5.38. அதாவது இன்ஜின் பக்கத்துத் தண்டு 5.38 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. 16 இஞ்சு ரிம்முல போடற அந்தக் காலத்து டயர் ஒரு சுத்துக்கு சுமார் 2.2 மீட்டர் ஓடும். டாப் கியர்ல பெட்ரோல் இன்ஜின் நிமிஷத்துக்கு 4000 சுத்து சுத்தினா வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். அதே அச்சை வச்சுக்கிட்டு 2500 சுத்துலயே மூச்சு வாங்குற டீசலைப் போட்டா? 61 கிலோமீட்டர். அவ்வளவுதான், மேல ஏறாது. அதனால இன்ஜினை மாத்தினவன் அச்சையும் மாத்தணும். அச்சை மாத்தினா கார்டன் ஷாஃப்ட் நீளம் மாறும், கிராஸ் ஜாயின்ட் மாறும். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல தடியான இரும்புல ஒரு அடாப்டர் பிளேட் லேத்துல கடையணும். அதுல முடியளவு நடு தப்பினாலும் பத்தே நாள்ல பேரிங் போயிடும். ஒண்ணைத் தொட்டா ஒன்பதைத் தொடணும்ங்கிறது இந்தத் தொழில்ல தினசரி அனுபவம்.

பின்னாடி பிரெஞ்சுக்கார பெஜோ கம்பெனியோட லைசென்ஸ்ல எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் வந்தது. பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க: 4 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 90 மில்லிமீட்டர் விட்டம், அவ்வளவுதான் அர்த்தம். மொத்தம் 2112 சி.சி. இது டிராக்டர் மாதிரி அடிக்காது, நிறைய சுத்தும். 1980-கள்ல எம்.எம். 540 மாதிரி ஜீப்புகள்ல இதுதான் இருந்தது. அதே காலத்துல இன்னொரு பக்கம் பஜாஜ் டெம்போ கம்பெனியோட மெட்டடார் வேன்ல பென்ஸ் லைசென்ஸ் டீசல், ஓ.எம். 616, 2.4 லிட்டர். ஜெர்மனியில பென்ஸ் 240 டி கார்ல ஓடின அதே குடும்பம். அம்பாசிடர்லேர்ந்து ஜீப் வரைக்கும் இதைப் பூட்டாத பட்டறை இல்லை. "உள்ளே பென்ஸ் சார்"னு டிரைவர் சொல்லும்போது முகத்துல ஒரு களை வரும் பாருங்க! 1986-ல டாடா 407, 1988-ல டாடா 206 பிக்கப் வந்த பிறகு அந்த இன்ஜின்களும் இந்த ஆட்டத்துல சேர்ந்துகிட்டது.

இதெல்லாம் எப்படிச் சாத்தியமாச்சு? மெக்கானிக்கோட மூளைதான் காரணம்னு சொல்லிட்டுப் போறது சுலபம். பாதி உண்மை. மீதி உண்மை மெட்ராஸ் பாடியிலயும் செம்பியத்துலயும் இருக்கு. பிஸ்டனுக்கு 1949-ல இந்தியா பிஸ்டன்ஸ். 1960-களோட தொடக்கத்துல சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா. போல்ட்டு நட்டுக்கு 1966-ல சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். பல கம்பெனி வண்டிகளுக்கும் ஒரே இடத்துலேர்ந்து சாமான் போனதால, ஒரு வண்டியோட சாமான் இன்னொரு வண்டிக்கும் ஒத்துப் போச்சு. இறக்குமதிக்குத் தடை இருந்ததால புது மாடல் வர வருஷக்கணக்காகும், அதனால ஒரே சாமான் 30 வருஷம் கடையில கிடைக்கும். லைசென்ஸ் ராஜ்ஜியத்தைத் திட்டாத ஆளே இல்லை. ஆனா ரிப்பேர்க்காரனுக்கு அது பொற்காலம். புதுசு கிடைக்காட்டி சென்னை புதுப்பேட்டையில பழசு கிடைக்கும். கள்ளக்குறிச்சி சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவுல நெடுஞ்சாலை ஓரத்துல இருக்கிற ஊர். ராத்திரி பஸ்ஸுல போனா விடியறதுக்குள்ள புதுப்பேட்டை. அடுத்த நாள் சாமானோட திரும்பிடலாம்.

இப்போ மலை ரோட்டுக்குத் திரும்புவோம். ஏன்னா நான் சொல்ல வந்த விஷயமே அங்கேதான் இருக்கு.

மலைக்காகப் பிக்கப்புக்குப் பண்ற வேலைகளோட பட்டியலைப் பார்த்தா ஒண்ணு புரியும். டீசல் இன்ஜின். கூடுதல் கமான் பட்டை, அதாவது இன்னும் ரெண்டு மூட்டை ஏத்தலாம். பெரிய ரேடியேட்டர், ஏறும்போது தண்ணி கொதிக்காம இருக்க. பக்கத்துல உயரமாக் கட்டின தொட்டி. பின்னாடி தொங்கிக்கிட்டு நிக்க ஒரு படிப்பலகை. எல்லாமே ஏறுறதுக்கு. இறங்குறதுக்கு என்ன பண்ணினாங்க?

இதுல பெரிய விஷயம் என்னன்னா, ஏறுறதுக்காகப் பண்ணின மாத்தமே இறங்குறதைக் கெடுத்துச்சு. எப்படின்னு சொல்றேன்.

பெட்ரோல் இன்ஜின்ல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா காத்து போற வழி மூடிக்கும். இன்ஜின் காத்துக்குத் திணறி, வண்டியைப் பிடிச்சு இழுக்கும். இதுதான் 'இன்ஜின் பிரேக்'. பெரும்பாலான டீசல்ல அந்த மூடியே கிடையாது. காத்து எப்பவும் தாராளமாப் போகும். காலை எடுத்தா டீசல் மட்டும்தான் நிக்கும். சிலிண்டர்ல அமுங்கின காத்து ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிடும். அதனால சரிவுல அதோட பிடிப்பு கம்மி. இது முதல் அடி.

ரெண்டாவது, அந்த மூடி இருந்ததாலதான் பெட்ரோல் இன்ஜின்ல வெற்றிடம் உண்டாகும். பிரேக்குக்கு உதவி பண்ற பூஸ்டர் அந்த வெற்றிடத்துலதான் வேலை செய்யுது. டீசல்ல வெற்றிடம் தானா வராது. அதுக்குத் தனியா வேக்கம் பம்ப் வேணும். ஆல்டர்னேட்டர் முதுகுல ஒட்டிக்கிட்டு வர்ற மாதிரி அது கிடைக்குது. நல்ல பட்டறைக்காரர் இன்ஜினோட சேர்த்து அதையும் வாங்கிட்டு வருவார். காசு மிச்சம் பிடிக்கிறவர்? பிரேக் மிதி கல்லு மாதிரி இருக்கும். மூணாவது, டீசல் இன்ஜின் எடை ஜாஸ்தி. அது மொத்தமும் முன் சக்கரத்துல உட்காரும். அதோட, டீசல் இருக்கேன்னு ஏத்தின ரெண்டு மூட்டை வேற.

இன்னொரு கணக்கு போடுவோமா? சுமையோட 2500 கிலோ எடை இருக்கிற பிக்கப் 600 மீட்டர் உயரத்துலேர்ந்து கீழே இறங்குதுன்னு வச்சுக்குவோம். அந்த உயரத்துல சேர்ந்த சக்தி எங்கேயாவது போயாகணும். இன்ஜின் பிடிக்கலைன்னா மொத்தமும் பிரேக்குல சூடா மாறும். எவ்வளவு சூடு? 25 டிகிரியில இருக்கிற 47 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு வர்ற அளவு! ரெண்டு பெரிய அண்டாத் தண்ணி. நாலு டிரம்முக்குள்ள அவ்வளவு சூடு இறங்கினா டிரம் விரியும், ஷூவை விட்டு விலகிப் போகும். லைனிங் சூட்டுல வழுக்கும். பிரேக் ஆயில் சாதாரணமா 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஆனா வருஷக்கணக்கா மாத்தாம விட்ட ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு 140 டிகிரியிலயே கொதிக்கும். கொதிச்சா குமிழி. குமிழி வந்தா மிதி நேரா தரைக்குப் போகும். கொண்டை ஊசி வளைவுல அது நடந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை.

தொட்டியில மரவள்ளிக் கிழங்கு மட்டும் இருந்தாப் பரவாயில்லை. சந்தைக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கூலி வேலைக்கு ஜனங்களும் அதே தொட்டியிலதான் போறாங்க. சட்டப்படி சரக்கு வண்டியில ஆள் ஏத்தக்கூடாது. ஆனா பஸ் வராத கிராமத்துல சட்டம் என்ன பண்ணும்? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல கள்ளச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்களே, அதுக்கப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து கல்வராயன் மலை ஜனங்களோட நிலைமையைப் பத்தி வழக்கு எடுத்தது. சாராயத்துல ஆரம்பிச்ச விசாரணை சாலை, ஆஸ்பத்திரி, பஸ்ஸுன்னு போனது. மலையோட நிலைமை அப்படி.

தொழில் தெரிஞ்ச மேஸ்திரிகள் இதுக்கெல்லாம் வழி வச்சிருந்தாங்க. வேக்கம் பம்ப், பூஸ்டர், பெரிய வண்டியோட அகலமான ஷூ, அப்புறம் பின்னால வந்த மாடல்கள்லேர்ந்து முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். டிஸ்க் சூட்டுல விரிஞ்சாலும் பேடை விட்டு விலகாது, அதுதான் அதோட பெருமை. இது எதுக்கும் வழியில்லாதவங்களுக்குச் சல்லிக்காசு செலவில்லாத வழி ஒண்ணு உண்டு: எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்காதே. என்னைக் கேட்டா, இன்ஜினுக்குக் கொடுக்கிற காசுல கால்வாசியை முதல்ல பிரேக்குக்கு ஒதுக்கிட்டு, அப்புறம்தான் மத்ததைப் பேசணும். ஆனா பிரேக் ஷூவைக் காட்டி டீக்கடையில பெருமை அடிச்சுக்க முடியாதே, அதுதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ஒரு காலத்துல வண்டியை மாத்தணும்னா ஆர்.டி.ஓ.வுக்கு அறிவிச்சு ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில எழுதிக்கிட்டாப் போதும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவை 2000-ல திருத்தினாங்க. தயாரிச்ச கம்பெனி முதல்ல குறிப்பிட்ட விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு ஆச்சு (சி.என்.ஜி. மாதிரி வேற எரிபொருளுக்கான அங்கீகாரம் பெற்ற கிட்டுக்கு விதிவிலக்கு உண்டு). 2019 ஜனவரியில, கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாச் சொல்லிடுச்சு. அதோட, 15 வருஷம் தாண்டின சொந்தக் காருக்கு, ஜீப்புக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலேர்ந்து 5000 ஆச்சு. 2023 ஏப்ரல்ல 15 வருஷம் ஆன அரசாங்க வண்டிகளோட பதிவெல்லாம் ரத்து, நேரா உடைக்கத்தான் அனுப்பணும்னு விதி வந்தது. முன்னெல்லாம் அரசு ஏலத்துல எடுத்த இலாகா ஜீப்புதான் பல பட்டறைகளுக்கு முதல் மூலதனம். அந்த ஊத்தும் வத்திப் போச்சு.

சட்டம் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். மேலே போட்ட தண்ணிக் கணக்கே போதும், கண்டபடி மாத்தினா ஆபத்துதான். என் குறை வேற. டிராக்டர் இன்ஜினை ஜீப்புக்குள்ள வச்சது பம்பாய்ல நடந்தா மாடல், கள்ளக்குறிச்சியில நடந்தா குத்தம். ரெண்டுக்கும் வித்தியாசம் என்ன? சோதனைதான். கம்பெனிக்காரன் வண்டியை ஓட்டிப் பார்த்து, நிறுத்திப் பார்த்து, சான்றிதழ் வாங்கினான். அந்தச் சோதனைக்கு நம்ம மேஸ்திரிக்கு ஒரு வாசல் வச்சிருக்கலாம் இல்லையா? பிரிட்டன்ல வீட்டுக் கொட்டகையில கட்டின ஒத்தை வண்டிக்குக்கூட தனி ஒப்புதல் சோதனை இருக்கு. பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்து தேறினா ரோட்டுக்கு விடுவாங்க. இங்கே வாசலை மூடிட்டதால என்ன ஆச்சு? மாத்தறவன் மாத்திக்கிட்டேதான் இருக்கான், ஆனா ஒளிச்சு மாத்தறான். எஃப்.சி. காட்ட வேண்டிய வண்டின்னா அந்த நாளைக்கு மட்டும் பழைய வேஷம். டிஸ்க் பிரேக் போட்டா மாட்டிக்குவோம்னு பயந்து பழைய டிரம்மையே வச்சுக்கிறவனும் உண்டு. இது யாருக்கு லாபம்?

பிலிப்பைன்ஸ்லயும் இதே கதை பெரிய அளவுல நடந்தது. அமெரிக்க ராணுவம் விட்டுப் போன ஜீப்பை நீட்டி, கூரை போட்டு, பெஞ்சு போட்டு 'ஜீப்னி' ஆக்கினாங்க. அந்த நாட்டுக்கே அது அடையாளம் ஆச்சு. 2017-ல பழைய ஜீப்னியெல்லாம் போகணும், புது வண்டி வாங்கணும்னு அரசு திட்டம் கொண்டு வந்தது. புது வண்டி விலை டிரைவருக்குக் கட்டுபடியாகலை. 2023 மார்ச்ல ஸ்டிரைக். நம்ம மலை பிக்கப்காரங்களுக்கு ஸ்டிரைக் பண்ணச் சங்கம்கூடக் கிடையாது.

புது பிக்கப் வாங்கினா பிரச்னை தீர்ந்ததான்னா, ஒரு பாதி தீரும். ஏ.பி.எஸ்., நல்ல பிரேக், சுத்தமான புகை. மறுக்கவே முடியாது. ஆனா 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டியில காமன் ரெயில், சென்சார், புகையை வடிகட்டுற ஃபில்டர்னு ஆயிரம் சமாச்சாரம். கரியாலூர்ல நின்னுபோனா ஸ்பேனரை எடுத்துப் பிரயோஜனம் இல்லை, ஸ்கேனர் வேணும். பழைய மெக்கானிக்கல் டீசல்ல செல்ஃப் எடுக்கலைன்னாலும் சரிவுல தள்ளி விட்டா கிளம்பிடும். கிளம்பின பிறகு பேட்டரி செத்தாலும் ஓடும். மலைக்காரங்க பழசை விடாம வச்சிருக்கிறது காசில்லாததால மட்டும் இல்லை, இதுக்காகவும்தான்.

கடைசியா, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் பக்கம் பழைய பிக்கப் வாங்கப் போறவங்களுக்கு: முதல்ல ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின் நம்பரையும் வண்டியில இருக்கிற நம்பரையும் ஒத்துப் பாருங்க. அப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சு விடுங்க, மிதி இறுகும். காலை அதுமேல வச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. மிதி லேசா கீழே இறங்கினா பூஸ்டர் வேலை செய்யுது. இறங்கலைன்னா, விக்கிறவர் "உள்ளே பென்ஸ் சார்"னு எத்தனை தடவை சொன்னாலும் விலையைக் குறைச்சுக் கேளுங்க. பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பார்க்கவும் மறக்காதீங்க, டீ டிகாஷன் நிறத்துல இருந்தா மாத்தி எத்தனை வருஷமாச்சுன்னு கேளுங்க.

மூணு சக்கர டெம்போ ஹன்சீட் கதை தனியா இருக்கு. அது இன்னொரு நாள்.